நாலரை மணிக்கு எத்தனை பேருக்கு வெந்நீர் வரும்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, திருச்சியில் இருக்கிறேன். கும்பகோணத்தில் மாமனார் காலத்து வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், ஊஞ்சல் போட்ட கூடம், கொல்லையில் கிணறு என்று பழைய ஓட்டு வீடு. பின்பக்கம் மட்டும் தளம் போட்டு, குளியலறையுடன் இரண்டு அறை பிற்பாடு கட்டினோம். கொல்லையில் பழைய குளியலறையும் ஒன்று உண்டு. விற்க மனமில்லை. கோயிலுக்கு வரும் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறோம். எட்டுப் பேர் வரை தங்கலாம். துபாயில் இருக்கும் மகன் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான்: 55 அங்குல டிவி, பாத்டப், காபி மெஷின், தடிமனான வெள்ளை டவல்கள், வேகமான வைஃபை, கூடத்தில் ஒரு கேமரா. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணோ, "நல்ல பக்கெட் நாலு வாங்கிப் போடுங்கம்மா, அதைத்தான் எல்லாரும் கேப்பாங்க" என்கிறாள். கையில் மூன்று லட்சம் இருக்கிறது. 2028 மகாமகத்துக்குள் நன்றாக நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். எதை வாங்குவது, எதை விடுவது?

பதில்: அம்மா, வணக்கம். இருபத்திரண்டு வருடம் விடுதிகளில் ஹவுஸ்கீப்பிங் பார்த்தவள் நான். இப்போது உங்களைப் போல வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு யோசனை சொல்லி வருகிறேன். உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் சொல்வதுதான் சரி. மகனின் பட்டியலுக்கு அப்புறம் வருகிறேன், அதிலும் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

என்னென்ன வசதி வேண்டும் என்பதை மற்ற வீடுகளின் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர்களின் ஒரு நாளை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். கொடைக்கானலுக்குப் போகிறவர் பத்து மணி வரை தூங்குவார். கும்பகோணத்துக்கு வருகிறவர் அப்படி இல்லை. நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதில் சூரியனார்கோவில், கஞ்சனூர், ஆலங்குடி, திருநாகேசுவரம் பக்கத்தில் இருந்தாலும், திருநள்ளாறு காரைக்காலுக்கு அருகில், திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும் பூம்புகார் பக்கம், திங்களூர் எதிர்த்திசையில் திருவையாற்றுக்கு அருகில். ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று வருகிறவர்கள் அதிகம். பகலில் நடை சாத்துவதற்குள் பாதியையாவது முடிக்க வேண்டுமானால் ஐந்தரைக்கு வண்டியில் ஏறியாக வேண்டும். ஐந்தரைக்கு ஏற வேண்டும் என்றால் நாலரைக்குக் குளியல் தொடங்க வேண்டும்.

சரி, இப்போது கணக்குப் போடுவோம். எட்டுப் பேர், இரண்டு குளியலறை, ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் ஐம்பது நிமிடத்தில் முடியும். ஆனால் வெந்நீர் வந்தால்தான் முடியும். 25 லிட்டர் கீசர், 2 கிலோவாட், தண்ணீரை அறுபது டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய அரை மணி நேரம் எடுக்கும். அந்த 25 லிட்டரைப் பச்சைத் தண்ணீரில் விளாவினால் குளிக்கிற சூட்டில் அறுபது லிட்டர் சொச்சம் கிடைக்கும், அதாவது மூன்று பக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே. நாலாவது ஆள் குளிக்கப் போவதற்குள் உள்ளே கொஞ்சம் சூடாகிவிடும், சமாளிக்கலாம். இதுவே சுவரோடு ஒட்டி இருக்கும் மூன்று லிட்டர் கீசர் என்றால் ஒரு பக்கெட் நிறையக் காத்திருக்க வேண்டும். பத்து லிட்டர் என்றால் இரண்டாவது ஆளே குளிர்ந்த தண்ணீரில் நிற்பார். ஆகவே அறைக்கு ஒன்றாக இரண்டு, கொல்லைக் குளியலறைக்கு ஒன்று, மூன்றும் 25 லிட்டர். என் கணக்கில் உங்கள் பணத்தில் வாங்கும் முதல் பொருள் இதுதான்.

அதற்கும் முன்னால் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய் வயரிங்கைப் பாருங்கள். விடியற்காலையில் கீசர் மூன்றும் போட்டிருப்பார்கள், ஏசியை அணைக்க மறந்திருப்பார்கள், யாரோ இண்டக்ஷனில் பால் காய்ச்சுவார்கள், தண்ணீர் தீர்ந்ததென்று மோட்டாரும் போட்டாகும். கூட்டிப் பார்த்தால் பத்து கிலோவாட்டைத் தாண்டும். மாமனார் காலத்து ஒருமுனை இணைப்பு அதைத் தாங்காது. மும்முனை இணைப்பும், சரியான எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபியும் போட்ட பிறகுதான் கீசரைச் சுவரில் மாட்ட வேண்டும். ஈரக் காலோடு நிற்கும் ஒரு குழந்தையை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறேன், இதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டாம். மேல்நிலைத் தொட்டியையும் அப்போதே பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் போடும் கணக்கு. எட்டுப் பேருக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. 500 லிட்டர் சின்டெக்ஸ் இருந்தால் இன்னொன்று சேர்த்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்துகிற நாளில் மோட்டார் ஓடாது.

குளியலறையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நான் வேலை பார்த்த விடுதி ஒன்றில், பேரன் கல்யாணத்துக்கு வந்த ஒரு பாட்டி தங்கியிருந்தார். நின்றுகொண்டு குளிக்க முடியாதவர். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, இன்னொரு பக்கெட்டிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறார். சோப்புத் தண்ணீரில் பக்கெட் நழுவியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அந்தப் பக்கெட் சுவரோரம் உருண்டு கிடந்தது. அந்தக் குளியலறையில் கண்ணாடித் தடுப்பு இருந்தது, தலைக்கு மேல் அகலமான ஷவர் இருந்தது, நாலு விதமான சின்னச் சின்ன பாட்டில்கள் வரிசையாக நின்றன. உட்கார ஒரு ஸ்டூல் இல்லை. பாட்டியின் மகள் எங்களைத் திட்டவில்லை. "நாங்களே கேட்டிருக்கணும், தோணாமப் போச்சு" என்று அழுதார். கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலையில் அவர்களை வைத்திருந்தது நாங்கள்தானே. அன்றிலிருந்து நான் பார்க்கும் எந்த வீட்டிலும் முதலில் குளியலறைக்குள்தான் நுழைகிறேன்.

உங்கள் இரண்டு குளியலறையிலும் நாலு கால் அழுத்தமான, ரப்பர் அடி வைத்த பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று இருக்கட்டும். கழிப்பறைப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் ஸ்டீல் கைப்பிடி வேண்டும். சுவரில் துளை போட்டு போல்ட் வைத்து முடுக்கியதாக இருக்க வேண்டும். உறிஞ்சி ஒட்டும் ரகத்தை நம்பாதீர்கள், கை வைக்கிற நேரம் பார்த்துக் கழன்று வரும். வெஸ்டர்ன் கழிப்பறையும் கைஷவரும் கட்டாயம். வழுவழு டைல்ஸ் என்றால் சொரசொரப்பான ரப்பர் பாய் போடுங்கள். பக்கெட் இரண்டு, மக் இரண்டு, அப்புறம் கொக்கி. கொக்கியைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. ஒரு கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு கொக்கி இருக்கும். அதில் கட்ட வேண்டிய புடவை, கழற்றிய துணி, துண்டு, பூணூல் மாற்றுகிறவரின் அங்கவஸ்திரம் எல்லாம் எங்கே தொங்கும்? குளியலறைக்கு ஆறு கொக்கி, ஈரம் தெறிக்காத உயரத்தில். பாத்டப் வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிடுங்கள். எட்டுப் பேர் ஐம்பது நிமிடத்தில் குளிக்கிற வீட்டில் அது இடத்தை அடைத்துக்கொண்டு பாசி பிடிக்கும். பெரியவர்கள் அதன் விளிம்பைத் தாண்டிக் காலெடுத்து வைக்கவும் முடியாது.

அடுத்தது நடுப்பகல். மகனின் பட்டியலில் ஏசி இல்லை, ஒருவேளை இருக்கிறது என்று நினைத்துவிட்டார் போலும். நம் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறக்கின்றன. ஒன்பது கோயில் சுற்றாமல் ஊரிலேயே கும்பேசுவரர், சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசுவாமி கோயில் என்று பார்க்கிறவர்கள், அந்த மூன்றரை மணி நேரமும் உங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். வெயிலில் கல் தரை சுட்டு, சாப்பிட்டு, தூங்க வருகிறவர்கள். அவர்களுக்கு ஏசிதான் வேண்டும், டிவி அல்ல. தளம் போட்ட இரண்டு அறைக்கும் ஏசி போடுங்கள். கூடத்துக்குப் போட வேண்டாம். ஓட்டுக்கூரையின் இடுக்கு வழியாகக் குளிர்ச்சி எல்லாம் வெளியே போய்விடும், கரண்ட் பில் மட்டும் உங்களுக்கு மிஞ்சும். கூடத்துக்கு நல்ல மின்விசிறி இரண்டு போதும். முற்றம் உள்ள வீடு அதன் காற்றிலேயே ஓரளவு குளிரும். மதியம் கரண்ட் போனால் மின்விசிறியும் விளக்கும் ஓடுகிற அளவுக்கு ஒரு இன்வெர்ட்டர். வைஃபை பெட்டியையும் அதிலேயே இணைத்துவிடுங்கள்.

முற்றம் என்றதும் கொசு. டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்துகிற பழக்கம் உங்களுக்கு உண்டு, பெங்களூரிலிருந்து வருகிறவருக்குக் கிடையாது. படுக்கை அறை ஜன்னல்களுக்கு வலை அடித்துவிடுங்கள், கதவுக்கும் வலைக்கதவு ஒன்று. கொசுவிரட்டித் திரவம் செருகிய கருவி ஒவ்வொரு அறையிலும் இருக்கட்டும். இரவு முழுக்கக் கொசு கடித்தால், எவ்வளவு அழகான வீடானாலும் மறுநாள் அவர் எழுதப்போவது கொசுவைப் பற்றித்தான்.

படுக்கையில் சிக்கனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். கட்டில் உயரத்தைக் கவனியுங்கள். உட்கார்ந்தால் கால் தரையில் பதிய வேண்டும், எழுந்திருக்க முழங்கால் சிரமப்படக் கூடாது. கடினமான நுரை மெத்தை, மேலே தண்ணீர் இறங்காத உறை. குழந்தைகள் வருகிற வீட்டில் அந்த உறை இல்லாமல் ஒரு மெத்தை ஆறு மாதம்கூடத் தாங்காது. விரிப்பு கட்டிலுக்கு மூன்று செட்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். விடுதிகளில் நாங்கள் கடைப்பிடிக்கிற கணக்கு இது. ஒருவர் காலி செய்த நாளே இன்னொருவர் வரும்போதுதான் மூன்றாவது செட்டின் அருமை தெரியும். சென்னிமலை பருத்தி விரிப்பு நன்றாக உழைக்கும். எட்டுப் பேரில் இரண்டு பேர் எப்படியும் தரையில்தான் படுப்பார்கள். அவர்களுக்குப் பவானி ஜமக்காளமும் மேலே மடிப்பு மெத்தையும் இருந்தால் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

மகன் கேட்கிற தடிமனான வெள்ளை டவலைப் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். புகைப்படத்தில் மிக அழகாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்யும்போது அது காயாது. காயாத டவலை மடித்து வைத்தால் ஒரு வாடை வரும், எத்தனை முறை துவைத்தாலும் போகாது. இதை நான் நாற்பது டவல்களை வீணாக்கிக் கற்றுக்கொண்டேன். கரூர் பக்கம் நெய்கிற நடுத்தரக் கனமான டவலை வாங்குங்கள். கூடவே ஆளுக்கு ஒரு ஈரிழைத் துண்டு கொடுங்கள். பெரியவர்கள் அதைத்தான் எடுப்பார்கள்.

திருநள்ளாற்றுக்குப் போகிறவர்கள் நளதீர்த்தத்தில் குளித்துவிட்டு வருவார்கள். ஈரத்துணி மூட்டையாக வண்டியில் வரும். உங்கள் வீட்டில் அதை உலர்த்த இடம் இல்லை என்றால் நாற்காலி முதுகிலும், கட்டில் சட்டத்திலும், கடைசியில் ஊஞ்சல் சங்கிலியிலும் போடுவார்கள். கொல்லையில் வெயில் படுகிற மாதிரி நாலு கொடி கட்டுங்கள், தாழ்வாரத்தில் மழை நாளுக்கு இரண்டு. துணி கிளிப் ஒரு கூடை நிறைய இருக்கட்டும். பட்டுப் புடவையை நிழலில் போட வேண்டும் என்பதால் தாழ்வாரக் கொடிக்கு மழுமழுப்பான கயிறாகப் பாருங்கள், துருப்பிடித்த கம்பி கூடாது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிகிற காரியம். நான் பார்த்தவரையில், கும்பகோணம் வருகிறவர்கள் போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போகிற விஷயங்களில் இது முக்கியமானது.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வேறு ரகம். அதிகாலை முகூர்த்தம் என்றால் நாலு பெண்கள் ஒரே கண்ணாடி முன்னால் நிற்பார்கள். ஒருத்தி பூ வைப்பாள், ஒருத்தி குனிந்து கொசுவம் மடிப்பாள், இன்னொருத்தி வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு கைக்கண்ணாடியைத் தேடுவாள். அறைக்கு ஒரு ஆளுயரக் கண்ணாடி, அதன் இரு பக்கமும் விளக்கு. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் முகம் நிழலடிக்கும். பக்கத்திலேயே பிளக் பாயின்ட், இஸ்திரிப் பெட்டி, சின்னக் கிண்ணத்தில் ஊக்கும் ஹேர்பின்னும். காலி செய்த அறைக் கண்ணாடிகளில் ஒட்டிப் போன ஸ்டிக்கர் பொட்டுகளை எத்தனையோ வருடம் நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறேன். எந்தக் கண்ணாடியில் நிறையப் பொட்டு இருக்கிறதோ அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று புரியும். அறையைத் துடைக்கிற பெண்ணிடம் கேளுங்கள், விருந்தினர் எழுதாத விஷயமெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, தயங்காமல் வையுங்கள். குளியலறை அலமாரியில் பிரிக்காத சானிட்டரி நாப்கின் பாக்கெட் ஒன்று, சுற்றிப் போட காகிதப் பை, மூடி போட்ட குப்பைத் தொட்டி. கோயில் பயணத்தில் தேதி தப்பி வந்துவிட்டால் ஒரு பெண் படுகிற சங்கடம் உங்களுக்குத் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு முன்பின் தெரியாத ஊரில் கடை தேட விடக் கூடாது.

சமையலறை. முழுச் சமையலுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். வருகிறவர்கள் வெளியில் சாப்பிடத்தான் போகிறார்கள். ஆனால் குழந்தைக்குப் பால், தாத்தாவுக்குக் கஞ்சி, எல்லாருக்கும் காலைக் காபி, ராத்திரி ஒரு வாய் தயிர் சாதம், இதெல்லாம் முடிய வேண்டும். காஸ் வைக்காதீர்கள். 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான், தொழிலுக்கு அதைப் பயன்படுத்துவது விதிக்குப் புறம்பு. நீல நிற 19 கிலோ வணிக சிலிண்டர் வைத்தாலும், தெரியாத வீட்டில் தெரியாத அடுப்பை ஒருவர் அணைக்க மறந்தால் நீங்கள் திருச்சியில் இருந்து என்ன செய்ய முடியும்? இண்டக்ஷன் அடுப்பு போதும். அதற்கென்று காந்தம் ஒட்டுகிற அடி வைத்த பால் பாத்திரம் ஒன்று, குக்கர் ஒன்று. வீட்டில் இருக்கும் பித்தளையும் அலுமினியமும் அதில் வேலை செய்யாது. மின்கெட்டில், ஃபிரிட்ஜ், எட்டுப் பேருக்குத் தட்டும் டம்ளரும், பெரிய ஃபிளாஸ்க் இரண்டு. ஃபிரிட்ஜைத் தவிர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். இன்சுலின் வைக்க இடம் கேட்கிறவர் அடிக்கடி வருவார்.

காபி மெஷின் வேண்டாம். கும்பகோணத்துக்கு வந்து ஒருவர் பொத்தானை அமுக்கிக் காபி குடிக்க வேண்டாமே! எவர்சில்வர் ஃபில்டர் இரண்டு, நல்ல பொடி, முந்தின ராத்திரியே டிகாஷன் இறக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடச் சொல்லி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குத் தனியாக ஒரு தொகை. காலையில் பாலைக் காய்ச்சிக் கலந்தால் முடிந்தது. நாலரை மணிக்கு எழுந்தவருக்கு அந்த ஒரு டம்ளர் காபியைத் தவிர வேறு எந்த வசதியும் கண்ணுக்குத் தெரியாது.

குடிக்க 20 லிட்டர் கேன் தாங்கியோடு. ஒன்று மாட்டியிருக்கும்போதே ஒன்று பக்கத்தில் காத்திருக்க வேண்டும். கோயிலுக்கு எடுத்துப் போக ஸ்டீல் பாட்டில் எட்டு வாங்கி வையுங்கள், ஒன்றிரண்டு தொலையும், பரவாயில்லை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப், தட்டு, தண்ணீர் பாக்கெட் எல்லாம் தடையில் இருக்கின்றன. தெரியாமல்கூட வாங்கி வைக்காதீர்கள். வாழை இலை மார்க்கெட்டில் கிடைக்கும்போது நமக்கு என்ன கவலை? சோப்பும் அப்படித்தான். சின்னச் சின்ன பாக்கெட் வேண்டாம், அழுத்தினால் வருகிற பெரிய பாட்டில் போதும். தேங்காய் எண்ணெயும் சீயக்காயும் இருந்தால் சனிக்கிழமை வருகிறவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

மகனின் பட்டியலில் வைஃபை சரிதான். பழைய வீட்டுச் சுவர் இரண்டடி கனம், கூடத்தில் வைக்கிற கருவி பின் அறைக்கு எட்டாது. பின்பக்கம் இன்னொரு கருவி வையுங்கள். டிவி வேண்டுமானால் 32 அங்குலம் கூடத்தில். கேமரா விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். வீட்டுக்குள் எங்கேயும் கூடாது. ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து உள்ளே கேமரா வைப்பதை எல்லா நாட்டிலும் தடுத்துவிட்டது, அணைத்து வைத்திருந்தாலும் கூடாது. விதி இல்லாவிட்டாலும் இது தப்புதான். கூடத்தில்தான் ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுப்பாள், பாட்டி நைட்டியோடு படுத்திருப்பார். வாசலில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதையும் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தப் பணத்தில் கொல்லைக் கிணற்றுக்குப் பூட்டு வைத்த இரும்புக் கம்பி வலை போடுங்கள். குழந்தைகள் வருகிற வீடு இது, முதல் விருந்தினர் வருவதற்கு முன்னால் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

ஊஞ்சல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வேறு யாரும் கடையில் வாங்க முடியாது. தச்சரைக் கூப்பிட்டு உத்தரத்து வளையத்தையும் சங்கிலியையும் சோதித்துப் பாருங்கள், தேய்ந்த கொக்கியை மாற்றுங்கள். விளம்பரத்தில் முதல் படம் அந்த ஊஞ்சல்தான்.

அப்புறம் இரவு ரயில். சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் வருகிறவர் பொழுது விடியும் முன்பே இறங்கிவிடுவார். நீங்கள் பகல் பன்னிரண்டுக்கு வரச் சொல்லியிருப்பீர்கள், உள்ளே முந்தின குடும்பம் இன்னும் இருக்கும். அதற்குத்தான் கொல்லைக் குளியலறையில் கீசர் போடச் சொன்னேன். பக்கத்துச் சந்து வழியாக அதற்குத் தனி வழி இருந்தால் திறந்துவிடுங்கள். ரேழியில் பூட்டோடு ஒரு பெட்டி அலமாரி வையுங்கள். குளித்து, பெட்டியை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். புதிதாக ஒரு அறை கட்டாமலே அவர்களுக்கு அரை நாளைக் கொடுத்துவிடலாம்.

வண்டியில் வருகிறவர்களோடு டிரைவர் வருவார். முந்தின நாள் முன்னூறு கிலோமீட்டர் ஓட்டி வந்து, மறுநாள் முழுக்க ஓட்டப் போகிறவர். பல வீடுகளில் அவர் வண்டிக்குள்ளேயே கால் மடக்கிப் படுக்கிறார், கொசுக்கடியோடு. உங்கள் திண்ணையை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கும் என்று நினைக்கிறேன், பழைய வீடுகளில் இருக்கும். அதில் கட்டில், மின்விசிறி, கொசுவலை, போன் சார்ஜ் செய்ய ஒரு பாயின்ட், கொல்லைக் குளியலறைக்குப் போக அனுமதி. எட்டு உயிர் அவர் கண்விழிப்பில்தான் போய் வருகிறது. அவர் தூங்கியிருக்க வேண்டும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? மூன்று லட்சத்தில் ஏறக்குறைய பாதி வயரிங், தொட்டி, கீசர், குளியலறைக்குப் போகட்டும். ஏசியும் மெத்தையும் மீதியில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும். வலை, விரிப்பு, பாத்திரம், கொடி எல்லாம் சில்லறைச் செலவுதான், ஆனால் எண்ணிக்கை அதிகம், கணக்கெழுதி வாங்குங்கள். கடைசி இருபதாயிரத்தைத் தொடாதீர்கள். முதல் இரண்டு மாதத்தில் வருகிறவர்கள் கேட்பதைப் பார்த்து வாங்குவதற்கு அது. மகாமகத்தை நினைத்து எதையும் வாங்க வேண்டாம். 2016இல் வந்தது, 2028இல் வரப் போகிறது. அந்தப் பத்து நாளைக்குக் கட்டிலும் அண்டாவும் வாடகைக் கடையில் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் வாங்குவது சாதாரணச் செவ்வாய்க்கிழமை வருகிற குடும்பத்துக்கு.

எதை வைக்கிறீர்களோ அதை மட்டும் விளம்பரத்தில் எழுதுங்கள். வீட்டில் அசைவம் கூடாது என்றால் அதையும், தெருவுக்குள் டெம்போ டிராவலர் வராது என்றால் அது எங்கே நிற்கும் என்பதையும்.

திறப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். சொந்தத்தில் எட்டுப் பேரை, பெரியவர்களும் குழந்தைகளுமாக, ஒரு சனி ஞாயிறு வரச் சொல்லுங்கள். நீங்களும் கூடத் தங்குங்கள். காலை நாலரைக்கு எல்லாரையும் எழுப்பி ஐந்தரைக்குத் திருநள்ளாறு அனுப்புங்கள். எந்தக் குளியலறையில் வெந்நீர் தீர்ந்தது, யார் துண்டைத் தேடினார்கள், எந்த சுவிட்ச் இருட்டில் கைக்கு அகப்படவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டு, அதை எனக்கு அனுப்புங்கள். அந்த இருபதாயிரத்தில் முதலில் என்ன வாங்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.